சுயம்புலிங்கத்தின் மெய்ப்படி

டாக்டர் ஹெப்சிபாவின் மேசைக்கு அந்தப் புதன்கிழமை காலை, கணினி சந்தேகப்பட்டு அனுப்பிய ஏழு கோப்புகள் வந்திருந்தன. ஆறை டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். ஒருவர் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போட்டிருந்தார். இன்னொருவருக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. ஒரு பெண் ஏதோ லேகியம் வாங்கித் தின்றுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். நேரில் கேட்டால் மூவரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இரத்தத்தில் மருந்து ஏறி இறங்கும் விதம் அதைச் சொல்லிவிடும்.

ஏழாவது கோப்பில் கை நின்றது.

சுயம்புலிங்கம், வயது அறுபத்தொன்று, சாலிக்குளம். உப்பளத்தில் மோட்டார் ஓட்டுபவர். காசநோய்க்கு ஐந்து மாதமாக மருந்து. வலிப்புக்கு நான்கு வருடமாக. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம், அது ஆறு வருடமாக. மூன்று நோய்க்கும் வாரம் தவறாமல் இரத்தச் சீட்டு வந்திருந்தது. மூன்று மருந்தும் இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. மாவட்டத்திலேயே இவ்வளவு ஒழுங்காக மருந்து சாப்பிடும் ஆள் இல்லை என்று சொல்லலாம். ஆனால் கோப்பின் தலையில் சிவப்பில் ஒரே வார்த்தை: பொருந்தவில்லை.

இந்த இடத்தில் மெய்ப்படியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு மாத்திரையை விழுங்கினால் குடல் அதை எவ்வளவு நேரத்தில் உறிஞ்சும், ஈரல் எவ்வளவு சீக்கிரம் உடைக்கும், சிறுநீரகம் எவ்வளவை வெளியே தள்ளும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் நாற்பது கிலோ பெண்ணுக்கும் எண்பது கிலோ ஆணுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. ஒருத்திக்குக் காது போகும், இன்னொருவருக்கு நோயே போகாது. அந்தக் காலத்துக்கு முடிவு கட்டியதுதான் மெய்ப்படி. ஒவ்வொருவரின் உடலுக்கும் கணினியில் எண்களால் ஒரு பிரதி. விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தத்தை ஒரு காகிதச் சீட்டில் ஒற்றி, ஊரில் உள்ள துணை சுகாதார நிலையத்துப் பெட்டியில் செருகினால் போதும். கணினி அந்தப் பிரதியைத் திருத்திக்கொள்ளும். அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளை அந்த ஒருவருக்கென்றே, மில்லிகிராம் சுத்தமாக, அங்கேயே வார்த்துக் கொடுக்கும்.

இந்தக் கணக்கு முதலில் வெளிநாட்டு உடல்களை வைத்துப் போடப்பட்டது. அது இந்த ஊர் வெயிலுக்குப் பொருந்தவில்லை. உப்பளத்தில் எட்டு மணி நேரம் நிற்பவரின் சிறுநீரகம் வேறு, குளிர்தேசத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் சிறுநீரகம் வேறு. அதை நிரூபிக்க ஹெப்சிபா நான்கு வருடம் உப்பளம் உப்பளமாக நடந்தாள். இரண்டாயிரத்து முந்நூறு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு தடவை விரல்குத்து. "இரத்தம் குடிக்கிற டாக்டரம்மா வாராவ" என்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே விரலையும் நீட்டினார்கள். அவர்கள் கொடுத்த சொட்டுகளில் கட்டிய கணக்குதான் இன்று பதினொரு லட்சம் பேருக்கு மருந்து அளக்கிறது. மருந்தால் ஈரல் கெட்டவர்களுக்கென்று மாவட்ட மருத்துவமனையில் ஒரு வார்டு இருந்தது. அதை மூடி மூன்று வருடமாகிறது. அந்த அறையில் இப்போது துணி மடிக்கிறார்கள். ஹெப்சிபா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கதவருகே ஒரு கணம் நின்றுவிட்டுப் போவாள்.

"சதக், இதக் கொஞ்சம் பாருங்க," என்று அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தாள்.

சதக்கத்துல்லா வந்தான். காயல்பட்டினத்துக்காரன். கணினி நிரலை எழுதியவர்களில் முக்கியமானவன். ஹெப்சிபாவோடு ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறான். திரையைக் குனிந்து பார்த்தான்.

"இது புது நிரல் புடிச்சது டாக்டர். இதுவரைக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாத்தானே கணக்குப் போட்டோம்? தனித்தனிச் சீட்டு, தனித்தனிக் கணக்கு. போன மாசம்தான் எல்லாத்தையும் ஒரே உடம்பா சேர்த்தோம். ஒரே ஈரல், ஒரே சிறுநீரகம். சேர்த்ததும் இவர் பொருந்தல."

"எதுல பொருந்தல?"

"காசநோய் மாத்திரையில ரிஃபாம்பிசின் இருக்கு. அது உள்ள போனா ஈரல் மும்முரமாயிடும். மத்த மருந்தையெல்லாம் படபடன்னு உடைச்சுத் தள்ளும். அப்ப வலிப்பு மாத்திரை இரத்தத்துல பாதியா குறையணும்."

"குறையல," என்றாள் ஹெப்சிபா.

"ஒரு புள்ளி குறையல. அஞ்சு மாசமா."

அவள் மூன்று மருந்தின் கணக்கையும் பிரித்துத் தனித்தனியாகத் திரையில் போட்டாள். காசநோய் மருந்து எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்று பார்த்தால், அது நாற்பது கிலோகூட இல்லாத உடல். வலிப்பு மருந்து ஐம்பத்தைந்து கிலோ உடலில் பரவியது. லித்தியம் எண்பது கிலோவுக்கு மேற்பட்ட ஒரு உடலில், கொஞ்சம் களைத்துப்போன சிறுநீரகத்தின் வழியாக, மெதுவாக வெளியேறிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் சுயம்புலிங்கத்தின் எடை அறுபத்தெட்டு.



"மூணு மருந்தும் ஒரே உடம்புக்குள்ள போகல சதக்," என்றாள் கடைசியில். "இது மூணு பேர்."

சதக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "மெஷின் பேரைப் பார்க்காது. சீட்டுல வர்ற இரத்தத்தத்தான் நம்பும். யாரோ மூணு பேர் இவர் பேர்ல இரத்தம் குடுத்திருக்காங்க. அவங்கவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி டோஸைத் திருத்திக்கிட்டே வந்திருக்கு. மூணு பேருக்கும் மருந்து சரியாத்தான் போயிருக்கு." அவன் குரலில் கவலையோடு ஒரு வியப்பும் இருந்தது. தான் செய்த கருவி தனக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதைக் கண்டவனின் வியப்பு.

சாலிக்குளம் முப்பது கிலோமீட்டர். அறிவிக்காமல் போனார்கள். கண்ணைக் கூச வைக்கும் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டகையில், மோட்டாருக்குப் பக்கத்தில் சுயம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். அகலமான தோள். நெஞ்சில் இருமலின் சுவடே இல்லை. காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் ஈரத்துண்டு. அரசு ஜீப்பைப் பார்த்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க தாயி. இந்தா, இந்தப் பெட்டி மேல உக்காருங்க. தம்பி, நீங்க வெயில்ல நிக்காதிய."

ஹெப்சிபா உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, உங்களுக்குக் காசநோயாமே?"

"ஆமா தாயி."

"வலிப்பு?"

"அதுவும் உண்டு."

"எங்க, ஒரு தடவை இருமிக் காட்டுங்க."

அவர் இருமவில்லை. கொஞ்ச நேரம் பாத்தியில் தேங்கிய நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஹெப்சிபாவுக்கு எதிரே, தரையில், குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"என்னைக்காச்சும் வருவியன்னு தெரியும். மூணு பேரு தாயி. ஒரு பிள்ளை, ஒரு சமையக்காரி, ஒரு டிரைவரு. ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுக்கு வருவாவ. ஆளுக்கொரு சீட்டுல விரலக் குத்தி ஒத்துவாவ. நான் கொண்டுபோய்ப் பெட்டியில செருகுவேன். மாத்திரையை வாங்கிப் பிரிச்சுக் குடுப்பேன். பேரு மட்டும் கேக்காதிய. கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"ஏன் அவங்க பேர்லயே பதியக்கூடாது? மருந்து இலவசம்தானே?"

"மருந்து இலவசந்தான். மெய்ப்படி இலவசம் இல்லையே." அவர் சொன்னதில் கோபம் இல்லை, விளக்கும் தொனிதான் இருந்தது. "இப்ப எந்த வேலைக்குப் போனாலும் படிச் சான்று கேக்கான். துறைமுகத்துல கிரேன் ஓட்ட அந்தப் பிள்ளைக்கு ஆர்டர் வந்த மாசந்தான் சளியில இரத்தம் வந்துச்சு. படியில காசநோய்னு ஒரு வரி ஏறினா அந்த ஆர்டர் கிழிஞ்சிரும். குணமானாலும் வரி அழியாது. சத்துணவுக்காரிக்கு வலிப்புன்னு தெரிஞ்சா அடுப்புப் பக்கம் விடுவானா? டிரைவருக்கு லைசென்சு? எனக்கு என்ன போச்சு? இந்த மோட்டாரப் போட ஒரு சான்றும் வேண்டாம்."

"அவளுக்கு வலிப்பு வந்து கொதிக்கிற சாம்பார்ல விழுந்தா? அவருக்கு மனசு நிலையில்லாம லாரிய எங்கயாவது கொண்டுபோய் மோதினா? அந்தப் பிள்ளை நாலு பேருக்குக் காசநோயப் பரப்பினா?"

"பிள்ளை ரெண்டு மாசம் வீட்டுக்குள்ளேயே கிடந்துச்சு. எம் பேர்ல குடுத்த சளியில கிருமி இல்லைன்னு உங்க லேபுல சொன்ன பொறவுதான் வெளியே வந்துச்சு. மத்தவளுக்கு நாலு வருசமா ஒரு தடவைகூட வலிப்பு வரல தாயி. டிரைவரு ஆறு வருசமா ஒரு கீறல் விழாம ஓட்டுதான். மாத்திரை சரியாப் போனா ஆபத்து இல்லைன்னு கண்டுபுடிச்சது நீங்க. அத நம்புறவன் நான். உங்க ஆபீஸ்தான் நம்பல."



அவர் தலைத்துண்டை எடுத்துப் பிழிந்தார். "எம் பொண்டாட்டி செல்லக்கனிக்கு வலிப்பு உண்டு. உங்க படியெல்லாம் வாரதுக்கு முந்தியே. வேலைக்கு வேண்டாம்னிருவானுவன்னு மறைச்சா. மாத்திரை வாங்கப் போனா யாராச்சும் பாத்துருவாவன்னு அதுவும் போடல. அந்தா, அந்த மூணாம் பாத்தியிலதான் குப்புறக் கிடந்தா. கணுக்கால் அளவுத் தண்ணி தாயி. கணுக்கால் அளவுதான்."

காற்று உப்பைக் கொண்டுவந்து உதட்டில் ஒட்டியது. சதக் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

ஹெப்சிபா மூன்றாம் பாத்தியிலிருந்து கண்ணை எடுத்தாள். "அண்ணாச்சி, உங்களப் பத்தி நான் யோசிச்சுச் சொல்றேன். இப்ப கணினி இந்த மூணு உடம்பையும் ஒண்ணாச் சேர்த்து, இதுதான் சுயம்புலிங்கம்னு எழுதி வச்சிருக்கு. நாளைக்கு உங்களுக்கே ஏதாவது ஒண்ணு வந்தா, இல்லாத ஒரு ஆளுக்குத்தான் மருந்து அளக்கும். புரியுதா?"

"எனக்கு ஒண்ணும் வராது," என்று சிரித்தார் அவர். "நான் காய்ச்சலுன்னு படுத்தே பதினஞ்சு வருசம் ஆவுது."

அடுத்த புதன்கிழமைக்குள் ஒரு வழி சொல்வதாக ஹெப்சிபா சொன்னாள். விதிப்படி அவள் கோப்பை முடக்க வேண்டும். முடக்கினால் மூன்று பேருக்கும் மருந்து நின்றுவிடும். ஐந்தாவது மாதத்தில் காசநோய் மருந்தை நிறுத்துவது என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. முடக்காவிட்டால் பொய் என்று தெரிந்தே ஒரு கணக்கைக் காப்பாற்றுகிறாள். திரும்பும் வழியில், "தரவு சுத்தமா இருக்கணும்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னது நான்தானே," என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். சதக் சாலையைப் பார்த்தபடி ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு மாவட்ட மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் தில்லைநாயகி பேசினாள்.

"மேடம், இங்க ஒரு நோயாளி. படியில உங்க சந்தேகக் குறி இருக்கு. அதான் கூப்பிட்டேன். மோட்டார் பைப் கிழிச்சு கால்ல காயம். நாலு நாளா உப்புத்தண்ணியிலயே நின்னிருக்காரு. இப்ப கிருமி இரத்தத்துல பரவிடுச்சு. பேரு சுயம்புலிங்கம்."

ஹெப்சிபா போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. இரத்த அழுத்தம் கீழே போய்விட்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்தேற்றும் கருவி அமைதியாக, தன் கணக்குப்படி, துளித்துளியாகக் கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தது. அவள் அதன் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதான் போகுதா?"

"அவர் சிறுநீரகம் மெதுவா வேலை செய்யுதுன்னு படி சொல்லுது மேடம். ஆறு வருஷ லித்தியம். அதிகம் குடுத்தா காதும் சிறுநீரகமும் போயிடும். மெஷின் சரியாத்தான் குடுக்குது."

"இது மூணுல ஒரு பங்கு டோஸ் தில்லைநாயகி. இவர் ஒரு லித்தியம் மாத்திரைகூட வாழ்க்கையில போட்டதில்ல. அந்தச் சிறுநீரகம் இவரோடது இல்ல."

அந்த இளம் டாக்டர் திரையையும் நோயாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். படிப்பில் கெட்டிக்காரிதான். ஆனால் அவள் காலத்தில் யாரும் கையால் அளவு போட்டதில்லை. போட வேண்டிய தேவையும் வந்ததில்லை. "அப்ப நான் எதை வச்சு ஏத்தறது? படியை மீறணும்னா உள்ள இருக்கிறது யாரோட தரவுன்னு பேரோட எழுதணும். எழுதினாத்தான் பூட்டு திறக்கும்."

பேச்சுக் குரல் கேட்டுச் சுயம்புலிங்கம் கண்ணைத் திறந்தார். ஹெப்சிபாவை அடையாளம் கண்டுகொண்டார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பேரு சொல்லிராதிய தாயி."

"அண்ணாச்சி, பேர எழுதினாத்தான் உங்களுக்கு மருந்து சரியா ஏறும்."

"அப்ப ஏற வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னார். மறுபடி கண் மூடிக்கொண்டது.

ஹெப்சிபா கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். வராந்தாவில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கசங்கிய காக்கிச் சட்டை போட்ட கனத்த மனிதன் ஒருவன். அவன்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கை நிறையத் தீக்காயத் தழும்பு உள்ள ஒரு நடுவயதுப் பெண். துறைமுகச் சீருடையில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மிகவும் ஒல்லியான ஒரு பெண். யாரும் சொல்லாமலே அவளுக்கு மூவரையும் தெரிந்தது. ஐந்து மாதமாக, நான்கு வருடமாக, ஆறு வருடமாக அவர்கள் கொடுத்த இரத்தத்தை அவள் கோப்பில் படித்திருக்கிறாள்.

அவள் பார்ப்பதைக் கண்டதும் அந்த நடுவயதுப் பெண்தான் முதலில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"டாக்டரம்மா, நான் பேச்சிக்கனி. சத்துணவுல சமைக்கேன். அவருக்கு வலிப்பு இல்ல. வலிப்பு எனக்கு. எழுதிக்கிடுங்க."

பின்னாலேயே டிரைவர். "லூர்து, எம் பேரு. லித்தியம் என்னுது." கடைசியாக அந்த ஒல்லியான பெண்.  தன் அடையாள அட்டையைக் கழற்றி ஹெப்சிபாவிடம் நீட்டினாள். இசக்கிசெல்வி, கிரேன் இயக்குநர், தகுதிகாண் பருவம்.

ஹெப்சிபா அந்த அட்டையைக் கையில் வாங்கினாள். கட்டிலில் கிடந்தவர் உயிரைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்த மூன்று பெயர்களும் இப்போது அவள் முன்னால் வந்து நின்றன. எழுதிவிட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெளியே உக்காருங்க. எனக்கு எதுவும் கேக்கல," என்றாள்.

பிறகு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, சுயம்புலிங்கம் என்ற பெயரைக் கட்டிலிலிருந்து கழற்றினாள். விபத்தில் சிக்கி, யாரென்று தெரியாமல் வருகிறவர்களுக்கென்று விதியில் ஒரு வழி உண்டு. அந்தப் படிவத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: "இந்த நோயாளியின் அடையாளமும் பதிவேட்டில் உள்ள மெய்ப்படியும் ஒருவருடையவை என்று உறுதிப்படுத்த முடியவில்லை." ஒருமுறை படித்துப் பார்த்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கீழே தன் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். பூட்டு திறந்தது.

கருவியில் இப்போது ஒரு வெற்றுப் பிரதி வந்து நின்றது. ஆண், சுமார் அறுபது வயது, அறுபத்தெட்டு கிலோ. தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் 'உப்பளம்' என்று போட்டாள். உடனே பிரதிக்குள் எண்கள் நிரம்பின. அவள் வெயிலில் நடந்து சேர்த்த இரண்டாயிரத்து முந்நூறு பேரின் ஈரலும் சிறுநீரகமும்தான் அந்த எண்கள். சிரித்துக்கொண்டே விரல் நீட்டிய அந்தப் பெண்கள் எல்லோரும் வந்து அந்த முகமறியாத ஆளுக்கு முட்டுக்கொடுத்து நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"முதல் டோஸ் முழுசா ஏத்துங்க," என்றாள் தில்லைநாயகியிடம். "ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு இரத்தம், அஞ்சு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. அந்த ரெண்டு புள்ளி கிடைச்சாப் போதும். அதுக்கப்புறம் இது இவரோட சொந்தப் படி."

"முழு டோஸ் தாங்குவாரா மேடம்?"

"இவர் மாதிரி ஆளுங்க எவ்வளவு தாங்குவாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஹெப்சிபா. சொன்னாளே தவிர, முதல் புள்ளி வரும்வரை கட்டிலின் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

முதல் புள்ளி அவள் நினைத்த இடத்திலேயே விழுந்தது. இரவு ஏழரைக்கு வந்த இரண்டாவது புள்ளி, அவள் நினைத்ததைவிடக் கீழே விழுந்தது. அந்த மனிதரின் சிறுநீரகம் இந்த நிலையிலும் மருந்தை வேகமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பழைய கணக்கில் விட்டிருந்தால் அது தண்ணீர் ஏற்றியதற்குச் சமமாகத்தான் இருந்திருக்கும். கருவி தன்னைத் திருத்திக்கொண்டு அடுத்த டோஸை இரண்டு மணி நேரம் முன்னால் இழுத்துக்கொண்டது. திங்கட்கிழமை மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. செவ்வாய்க்கிழமை அவர் கஞ்சி கேட்டார். பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். காது கணீரென்று கேட்டது. கால் கொஞ்சம் தாங்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் இத்தோடு முடியவில்லை. பெயரைக் கழற்றியதற்கு ஹெப்சிபாவை விளக்கம் கேட்டார்கள். இயக்குநரகத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் அவள் நின்றாள். சுயம்புலிங்கத்தைப் பற்றியோ மற்ற மூவரைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் கொண்டுபோனது ஒரே ஒரு பட்டியல். ஒன்றாகச் சேர்த்த புதுக் கணக்கில் பொருந்தாமல் போனவர்கள், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும், நான்காயிரத்துச் சொச்சம் பேர். காசநோய் வந்த வயதானவர்கள் திடீரென்று அதிகமாகியிருந்தார்கள். பதிவேட்டின்படி, வேலை பார்க்கும் வயதில் ஒருவருக்கும் வலிப்பு இல்லை.

"இது திருட்டு இல்லயா?" என்று ஒருவர் கேட்டார்.

"திருட்டுன்னா மருந்து வீணாகியிருக்கணும் சார். ஒரு மாத்திரை வீணாகல. உடம்பைப் பத்தி இவங்க பொய்யே சொல்லல. பேரைப் பத்தி மட்டும்தான் சொன்னாங்க. நமக்கு வேண்டியது உடம்பா, பேரா?"

 மருந்து அளக்கப் பெயர் எதற்கு என்ற கேள்வியைப் பத்து வருடமாக ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அவளும்தான்.

எட்டு மாத இழுபறிக்குப் பிறகு அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சோதனை முறையில் ஒப்புக்கொண்டார்கள். அதுவரை சுயம்புலிங்கத்தின் பழைய கோப்பை அவள் முடக்கவில்லை, மருந்தும் நிற்கவில்லை. யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல், எண்ணோடு மட்டும் ஒரு மெய்ப்படி வைத்துக்கொள்ளலாம். எந்த நிறுவனமும் அதைப் பார்க்க முடியாது. வண்டி ஓட்டுபவரும் அடுப்படியில் நிற்பவரும் இரத்தத்தில் மருந்து சரியாக இருக்கிறது என்ற வாரச் சீட்டை மட்டும் காட்டினால் போதும். என்ன நோய் என்று அதில் இருக்காது. சாலிக்குளத்துக்கு இரண்டு எண்கள் போயின. இசக்கிசெல்வி அதற்குள் நோய் தீர்ந்து, கிரேன் வேலையில் நிரந்தரமாகியிருந்தாள். சுயம்புலிங்கத்தின் கோப்பு காலியானது. அதில் இப்போது இருப்பது ஒரே ஒரு கால் காயம்.

முதல் மாதத்திலேயே எண் கேட்டு ஆறாயிரம் பேர் வந்தார்கள். அத்தனை பேர் இத்தனை காலம் எங்கே இருந்தார்கள் என்று அலுவலகமே திகைத்தது. கணக்கின் பிழை, மெய்ப்படி தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அளவுக்குக் குறைந்தது.

அந்த அறிக்கையை ஹெப்சிபா படித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் சதக் வந்து கதவைச் சாத்தினான். ஒன்பது வருடத்தில் அவன் அந்தக் கதவைச் சாத்தியதில்லை.

"டாக்டர், எனக்கும் ஒரு எண் வேணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழு வருஷமா மதுரையில ஒரு கடையில வாங்குறேன். பழைய மாத்திரை. எல்லாருக்கும் ஒரே அளவு." அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சில மாசம் அது எனக்கு அதிகம். சில மாசம் பத்தாது. எப்ப அதிகம், எப்ப பத்தாதுன்னு எனக்கே தெரியும். நான் எழுதின நிரல்தானே. ஊருக்கெல்லாம் அளந்து குடுத்தேன். எனக்கு மட்டும் அளந்துக்க தைரியம் வரல."

ஒரு புதன்கிழமை மத்தியானம், முப்பது கிலோமீட்டர் தூரம், ஒரு வார்த்தை பேசாமல் ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தவனை ஹெப்சிபா இப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். என்ன நோய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு புதுச் சீட்டையும் ஒரு ஊசியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"விரல நீட்டுங்க," என்றாள்.